பாத்திக்குப் போட்ட வலை

இந்த சீட்டுல ஆளு உண்டா மக்ளே? இல்லியா? அப்பம் கொஞ்சம் ஒதுங்கு, நான் இருந்துக்கிடுதேன். குலசேகரம் வண்டிதான இது? வேர்கிளம்பில நிக்கும்லா? நிக்கணும். நிக்கல்லன்னா கண்டக்டரு எனக்க வாய்ல விழுவான்.

நீ எதுவரைக்கும்? குலசேகரமா! நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போவலாம். காதுல என்னவோ மாட்டியிருக்கியே, அத எடுத்துரு. காதுக்குக் கெடுதி.

வெளிய பாத்தியா, மேக்க கறுத்துக்கிட்டு வருது. இந்த மழையாலதான் எனக்க வீட்டுல இந்த வருசம் ஒரு பெரிய கூத்து. சொல்லட்டா? உனக்கு வேற சோலி ஒண்ணும் இல்லியே? அப்பம் கேளு.

எங்க வீடு பழைய ஓட்டு வீடு. ஓட்ட எடுத்துட்டு ஷீட்டு போட்டாச்சு. ஷீட்டுக்க ஓரமா மழைவெள்ளம் ஓடுததுக்கு சுத்திலும் பாத்தி வச்சிருக்கு. பாத்தி தெரியும்லா? பாதியாப் பொளந்த குழாய் மாதிரி நீளமா இருக்கும். பக்கத்து வீட்டு டெய்சி மயினிக்க விளைல ஒரு அயினி மரம், காட்டுப்பலா கணக்கா. மரம் அவளுக்கு, கொம்பெல்லாம் எங்க ஷீட்டுக்கு மேல. இலை ஒவ்வொண்ணும் இம்புட்டு அகலம். இலை போதாதுன்னு அயினித்திரி வேற விழும், அதுக்க பூவு, சாண் நீளத்துல, சவம், பஞ்சு பஞ்சா. எல்லாஞ் சேந்து பாத்திய அடச்சிரும். அடச்சா வெள்ளம் பொங்கி சுவருல இறங்கும். போன மழைக்கு ஸ்விட்ச் போர்டு வழியா இறங்கி, சுவரத் தொட்டா சுருக்குன்னு புடிக்குது. ஆயுசெல்லாம் ஈபில லைன்மேனா இருந்த மனுசனுக்க வீட்டுல சுவரு ஷாக் அடிக்குது! ஊரு சிரிக்காதா?

"மரத்த வெட்டு மயினி"ன்னு கேட்டேன். "எனக்க மோன் வீடு வைக்கும்போ நிலைக்கும் கதவுக்கும் வச்சிருக்கேன்"ங்கா. மோனுக்கு இன்னும் பொண்ணே பாக்கல்ல. பின்ன எப்பம் வீடு வச்சு, எப்பம் வெட்ட? சரி, அவ கதைய விடு. அத எடுத்தா வண்டி குலசேகரம் போயி திரும்பி வந்துரும்.

அப்பம் பாத்திய ஆரு சுத்தம் செய்யுதது? எங்க வீட்டு ஆளுதான். வேதமாணிக்கம்னு பேரு. அவியளுக்கு ஒரு மூங்கில் ஏணி உண்டு, அவியளே செஞ்சது. சனிக்கிழமை ஆனா போதும், ஏணியத் தூக்கிச் சாத்திட்டு, "லில்லி, வந்து புடி"ம்பாவ. நான் அடுப்புல எது கிடந்தாலும் அப்படியே போட்டுட்டு ஓடிப்போயி ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிப்பேன்.

உனக்கு இது சிரிப்பா இருக்கும். லைன்மேன் பொண்டாட்டிக்குத்தான் அந்தப் பயம் தெரியும் மக்ளே. மழை பெஞ்சா ஊருக்கெல்லாம் கரண்டு போவும், எனக்கு உயிரு போவும். எந்த போஸ்ட்ல நிக்காவளோ, கீழ ஆரு நிக்காவளோ, சுவிட்ச ஆரு போடுவாவளோன்னு வாசல்லயே நிப்பேன். ஒருக்க ஆற்றூர்ப் பக்கம் லைன்ல ஆளு அடிபட்டுன்னு சொன்னாவ. செருப்பு போடாம ஓடினேன். அது வேற ஒருத்தரு, அவருக்கும் உயிருக்கு ஒண்ணுமில்ல. இவிய பக்கத்துக் கடையில நின்னு சாயா குடிச்சிக்கிட்டு இருக்காவ. என்னையப் பாத்துட்டு, "நீ எங்க இஞ்ச?"ன்னு கேக்குதாவ. அந்த ரோட்டுலயே இருந்து அழுதேன். அவிய ரிட்டையர் ஆன அன்னைக்கு எல்லாரும் மாலை போட்டாவ, நான் மட்டும் மனசுக்குள்ள, ஆண்டவரே ஸ்தோத்திரம், மனுசன் தரைக்கு வந்தாச்சுன்னேன். தரைக்கு வந்த மனுசன் மறுபடியும் ஏணியில நிக்குதாவ, அதுவும் எனக்க வீட்டு முத்தத்துல!

ஒண்ணு சொல்லணும். நான் பேச்சுக்காரின்னு ஊருல ஒரு பேரு உண்டு. பொய்யி. தேவைக்குத்தான் பேசுவேன். ஆனா பயம் வந்தா எனக்கு வாய் அடஞ்சிரும், அது எனக்க சுபாவம். ஏணியப் புடிச்சிக்கிட்டு நிக்கும்போ ஒரு சத்தம் வராது. கண்ணு மேலயே இருக்கும், நாக்கு ஒட்டிக்கிடும். மோளு ஷைனி மஸ்கட்ல இருக்கா. வீடியோல பாத்துட்டு, "அம்மாக்க வாய அடைக்க அப்பா கண்டுபுடிச்ச மிஷின்தான் அந்த ஏணி"ன்னு சொல்லிச் சிரிப்பா. அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

ஆனா பாத்திக்கு வலை போடலாம்னு வழி சொன்னது அவதான். மஸ்கட்ல மழையே கிடையாது, அங்க இருந்துக்கிட்டு இவ எங்க பாத்திக்கு வழி சொல்லுதா. போன்ல அனுப்பி வச்சா, வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் பாத்தி மேல இலையா வாரிக் கொட்டுதான், ஒண்ணும் உள்ள போவல்ல. எனக்கு ஒரே சந்தோசம். இலை போவல்லன்னா பாத்தி அடையாது. பாத்தி அடையல்லன்னா இவிய ஏறண்டாம். அம்புட்டுத்தான?

மொதல்ல வாங்கினது பஞ்சு. மெத்தைக்கு வைப்பாவளே, அது மாதிரி கறுப்பு நெறத்துல நீளமா. பாத்திக்குள்ள அமுக்கி வச்சா இலை மேல நிக்கும், வெள்ளம் பஞ்சு வழியா இறங்கும். எல்லாம் சரிதான். ஆனா இலை மேல நின்னு அழுகி, அதுல அயினிக் கொட்டை விழுந்து, நாலு மழைக்குள்ள முளைச்சிட்டு மக்ளே! எங்க பாத்தியில தோட்டம்! டெய்சி மயினி வந்து, "லில்லி, எனக்க மரத்தக் குறை சொன்னியே, நீயே நட்டு வளக்கியே"ன்னு கேட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ரெண்டாவது பிரஷ். குப்பி கழுவுத பிரஷ் இருக்கும்லா, அதையே பத்தாள் நீளத்துக்கு செஞ்சா எப்படி இருக்கும், அப்படி. பாத்திக்குள்ள படுக்க வைக்கணும். இலைக்கு அது கொள்ளாம், நல்லதுதான். ஆனா இந்த அயினித்திரி இருக்கே, முள்ளு முள்ளா நிக்குத அந்த பிரஷ்ல போயி நல்லா சிக்கிக்கிட்டு. இவிய மேல ஏறி, பேன் பாக்குத கணக்கா ஒவ்வொரு திரியா எடுக்குதாவ. முன்னெல்லாம் காப்பி குடிக்குத நேரத்துல முடியுத வேலை. இப்பம் சோறு ஆறிப் போவுது, இவிய இறங்கல்ல. நான் கீழ நின்னு கை மரத்துப் போச்சு. அவியளுக்கு என்ன ஒரு சந்தோசம்! மேல இருந்து ஒரு பாட்டு வேற. வேலை கூடினதுக்கு சந்தோசப்படுத ஆள நீ பாத்ததுண்டா?

"பிரஷே இருக்கட்டும் லில்லி, கொள்ளாம்"னு சொல்லுதாவ. நான் விடுவேனா?

மார்த்தாண்டத்துல ஒரு கடை. பிரதீஸ்னு ஒரு பையன் நடத்துதான், கெட்டிக்காரன், கொஞ்சம் வாயும் ஜாஸ்தி. எனக்கு வாய் ஜாஸ்தியான ஆளுவளக் கண்டா ஆவாது. அவன் கம்பிவலையக் காட்டினான். துருப்புடிக்காத கம்பி, கொசுவலை மாதிரி நெருக்கமா பின்னினது. "ஆன்ட்டி, இதுல எறும்பு கூட உள்ள போவாது"ன்னான். எறும்பு கதை எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு, வீட்டுல இருந்து கொண்டுபோன சாக்க அவிழ்த்தேன். உள்ள அயினி இலை, அயினித்திரி, கொட்டை எல்லாம். கடைக்கு முன்னால ஒரு துண்டு பாத்திய வைக்கச் சொல்லி, வலையப் போட்டு, சாக்கக் கொட்டி, வாளியில வெள்ளத்த ஊத்துன்னேன். பஸ்ஸுக்கு நின்ன ஆளுவ எல்லாம் கூடிட்டு. ஊத்தினான். ஊத்து, இன்னும் ஊத்துன்னேன். திரி எல்லாம் வலை மேல வழுக்கிக் கீழ விழுது, வெள்ளம் மட்டும் பாத்திக்குள்ள. அப்பம்தான் சரின்னேன்.

அவனே ஆளக் கூட்டிட்டு வந்து மாட்டினான். வலைக்க ஒரு ஓரத்த ஷீட்டுக்கு அடியில சொருகி, மறு ஓரத்த பாத்தி விளிம்புல ஸ்க்ரூ வச்சு முறுக்கி, இலை தங்காம வழுக்கணும்னு கொஞ்சம் சாய்ச்சு வச்சான். மொதல் பெருமழைக்கு என்ன ஆச்சு தெரியுமா? வெள்ளம் வந்த வேகத்துல வலைக்கு மேலயே ஓடி, பாத்தியத் தாண்டி, நேரா எனக்க தலையில! அவனக் கூப்பிட்டு நல்லா நாலு கேட்டேன். மறுநாளே வந்து சாய்வக் குறைச்சு, விளிம்புல ஒரு பட்டைய வளைச்சு வச்சான். அதுக்குப் பொறவு ஒரு சொட்டு வெளிய வரல்ல. ஒரு இலை உள்ள போவல்ல. சுவரெல்லாம் காஞ்சு கிடக்கு.

அன்னைக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கே! நல்ல மீன் வாங்கி, புளிமுளம் வச்சு, வயிறு முட்ட சாப்பாடு போட்டேன். "இனி நீங்க ராஜா மாதிரி கசேரியில இருங்க"ன்னேன். இருந்தாவ. நானும் எதிர்க்க இருந்து எல்லாக் கதையும் சொன்னேன். டெய்சி மயினி கதை, ஷைனிக்க மாமியா கதை, கடையில பிரதீசு முழிச்ச முழி, எல்லாம். அவிய வாசலப் பாத்துக்கிட்டு இருந்தாவ. கேக்குதீங்களான்னா, உம்ம்பாவ. என்ன சொன்னேன்னா, தெரியாது.

சனிக்கிழமை வந்துச்சு. நான் அடுப்படியில நிக்குதேன். "லில்லி, வந்து புடி"ன்னு சத்தம். போயிப் பாத்தா ஏணியச் சாத்தியாச்சு.

"எதுக்கு?"ன்னேன்.

"வலை சரியா நிக்குதான்னு பாக்கணும்லா."

"வலை போட்டதே நீங்க ஏறாம இருக்கத்தானே!"

"அதுதான், அது நின்னாத்தான நான் ஏறாம இருக்க முடியும்"னு சொல்லிட்டு ஏறிட்டாவ. கேட்டியா நியாயத்த? அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. ஸ்க்ரூ லூசாயிருக்கான்னு பாக்கணுமாம். அதுக்கு அடுத்த சனிக்கிழமை, வலை மேல காக்கா இருந்துச்சாம். காக்கா எங்கதான் இருக்கல்ல?

ஒரு நாளு மழை விட்ட நேரம். மூங்கில் நனைஞ்சு கிடக்கு. இறங்கும்போ கால் வழுக்கிட்டு மக்ளே. ஒரு கால் அந்தரத்துல ஆடுது. நான் ஏணியக் கெட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்குதேன், அலறணும்னு நினைக்கேன், சத்தம் வரல்ல. அவிய பைய காலை ஊணி, இறங்கி வந்து, என்னையப் பாத்து சிரிக்குதாவ. சிரிப்பு! அன்னைக்குத் தீர்மானிச்சேன். அவியளுக்கு வயசாவுது. எலும்பு முறிஞ்சு படுத்தா ஆரு பாப்பா? அது போவட்டு, அவிய போயிட்டா நான் ஆருகிட்டப் பேசுவேன்? ஏணி வீட்ட விட்டுப் போயே ஆவணும்.

எப்படிப் போக்க? ஒளிச்சு வச்சா தேடி எடுப்பாவ. டெய்சி மயினிக்குக் குடுத்தா இரவல் வாங்கிட்டு வருவாவ. வெட்டி விறகாக்கினா மனசு ஒடிஞ்சு போவாவ, கையால செஞ்ச ஏணிலா. அப்பம் ஆண்டவர் எனக்கு ஒரு வழி காட்டினாரு. சபையில அறுப்பின் பண்டிகை. வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சக்கைப்பழம், சேவல் எல்லாம் ஆளுவ காணிக்கையா கொண்டு வந்து வைப்பாவ. ஆராதனை முடிஞ்சு அதெல்லாம் முத்தத்துல ஏலம் போவும். ஆண்டவருக்குக் குடுத்தத எந்த மனுசன் திருப்பிக் கேப்பான்? அவிய எழும்பும் முன்ன, விடியக்காலத்துலயே ஏணிய ஆட்டோவுல கெட்டி, கலர் பேப்பர் சுத்தி, ஒரு கொத்து அரளிப்பூவும் வச்சு, கொண்டுபோயிட்டேன். சபையில மணி அடிக்குத கோயில்குட்டி என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. பின்ன, வாழைக்குலைக்குப் பக்கத்துல சாத்தி வச்சாரு.

ஆராதனைக்கு இவிய வந்தாவ, ஆம்பிளைய பக்கம் இருந்தாவ. ஏணியப் பாத்தாவ. என்னையப் பாத்தாவ. நான் பாட்டுப் புஸ்தகத்தப் பாத்தேன். அன்னைக்கு நான் பாடின பாட்டு மாதிரி எனக்க வாழ்க்கையில பாடினதில்ல.

ஒண்ணத்தான் நான் யோசிக்கல்ல. ஏலத்துல ஆரு வேணும்னாலும் எடுக்கலாம். வாழைத்தோட்டக்காரன் எவனாவது கொண்டுபோவான்னு நினைச்சேன். ஏலம் விடுத எட்வின் வாத்தியாரு மைக்கப் புடிச்சு, "லில்லிபாய் அக்காக்க காணிக்கை, நல்ல முத்தின மூங்கில் ஏணி"ன்னு தொடங்கினாரு. ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தன் கூட்டினான். அப்பம் பின்னால இருந்து ஒரு சத்தம், எடுத்த எடுப்புல ரெண்டு பேரையும் தாண்டி. ஆருக்க சத்தம்னு எனக்கே தெரியல்ல. அவிய அம்புட்டு உரக்கப் பேசி நான் கேட்டதே கிடையாது. திரும்பிப் பாத்தா, எங்க வீட்டு ஆளு!

எனக்கு வந்துதே கோவம். நானும் கேட்டேன். கூட்டித்தான் கேட்டேன். அவிய மேல போனாவ. நானும் போனேன். மத்தவனெல்லாம் எப்பமோ வாய மூடியாச்சு. ஒரே வீட்டுக் காசு, புருசனும் பொண்டாட்டியும் நின்னு ஏத்துதோம், சொந்த ஏணிக்கு! டெய்சி மயினி வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கா. சபைக் கமிட்டிக்காரவியளுக்கு முகமெல்லாம் பல்லு. தொகைய மட்டும் கேக்காத மக்ளே, மானம் போவும்.

எட்வின் வாத்தியாரு அதோட விட்டாரா? மைக்கத் தூக்கிட்டு அவிய பக்கத்துல போயி, "மாணிக்கண்ணே, உங்க வீட்டுப் பாத்திக்கு வலை போட்டாச்சுன்னு மார்த்தாண்டம் வரைக்கும் தெரியும். பின்ன உங்களுக்கு ஏணி எதுக்கு?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிக்காவ. எனக்குத் தெரியும், இவிய பதில் சொல்ல மாட்டாவ. வீட்டுல கேட்டாலே சொல்ல மாட்டாவ.

சொன்னாவ. "நான் மேல ஏறினா இவ கீழ நின்னு புடிப்பா. அப்பம் பேசமாட்டா. என்னையே பாத்துக்கிட்டு நிப்பா. நான் இறங்குத வரைக்கும் கண்ண எடுக்க மாட்டா"ன்னாவ. பொறவு, "வேற எப்பவும் அவ என்னைய அப்படிப் பாக்கமாட்டா வாத்தியாரே"ன்னாவ.

எட்வின் வாத்தியாருக்கு மைக்க என்ன செய்யணும்னு தெரியல்ல. பைய ஒரு தரம்னாரு. ரெண்டு தரம்னாரு. என்னையப் பாத்தாரு. நான் கூட்டிக் கேக்கணும் மக்ளே, எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஏணி அவியளுக்குக் கிடைக்காது. எனக்க வாய் அடஞ்சு போச்சு. மூணு தரம்னுட்டாரு.

ஏணிய அவிய முன்னால புடிச்சாவ, நான் பின்னால புடிச்சேன், ரோட்டு வழியா வீட்டுக்கு நடந்தோம். பேப்பரும் பூவும் தொங்குது.

பொறவு யோசிச்சுப் பாத்தேன். அது என்ன பேச்சு மக்ளே? நான் அவியளப் பாக்கல்லியா? காலத்த இருந்து ராத்திரி வரைக்கும் அவியளுக்கு எதிர்க்கதான இருக்கேன்? இம்புட்டுக் கதையும் ஆருக்குச் சொல்லுதேன், சுவருக்கா? நீயே சொல்லு. இல்ல, நீ சொல்லண்டாம், உனக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ளை. அவிய சும்மா எதையாவது சொல்லி ஏலத்துல ஜெயிச்சிட்டாவ, அம்புட்டுத்தான்.

ஆனா ஒரு சட்டம் போட்டிருக்கேன். ரெண்டு படிக்கு மேல ஏறப்பிடாது. நான் வந்து புடிச்ச பொறவுதான் காலை வைக்கணும். சம்மதிச்சாவ. ரெண்டு படியில நின்னா பாத்தி கைக்குக் கூட எட்டாது. நின்னுக்கிட்டு மேல வலையப் பாப்பாவ. பொறவு கீழ என்னையப் பாப்பாவ. நான் பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன். வலை நல்ல வலை மக்ளே, அதக் குறை சொல்லப்பிடாது. ஒரு இலை உள்ள போவல்ல.

வேர்கிளம்பி வந்துட்டா? எழும்பு எழும்பு, வழி விடு. கண்டக்டரே, ஆளு இறங்கணும்! இன்னைக்கு சனிக்கிழமை மக்ளே. அவிய ஏணியச் சாத்தி வச்சுக்கிட்டு முத்தத்துல நிப்பாவ. நான் போயிப் புடிக்கணும்.